சாவி யாரிடம்?

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு சனிக்கிழமை சாயங்காலம். பெங்களூருவில் ஒரு தோழி வீட்டு மொட்டைமாடி. டீ ஆறிக்கொண்டிருந்தது. உள்ளே போய் ஒரு சின்ன அட்டைப்பெட்டியை எடுத்துவந்து என் முன்னால் திறந்து வைத்தாள். ஸ்டீலில் வழவழப்பான ஒரு கழுத்து வளையம். பின்பக்கம் விரல் நகம் அளவுக்கு ஒரு பூட்டு. பார்ப்பவர்களுக்கு அது வெறும் நகை. அவளுக்கும் அவளுடைய துணைக்கும் மட்டும் அது காலர்.

அவர்கள் இருவரும் பிடிஎஸ்எம் உறவில் இருப்பது எனக்கு முன்பே தெரியும். கட்டுதல், ஒழுங்கு, ஆதிக்கம், பணிதல், வலி என்று பல விஷயங்களைச் சேர்த்துச் சுருக்கிய பெயர் அது. ஒருவர் வழிநடத்த, ஒருவர் பணிய, இரண்டு பேரும் முன்கூட்டியே பேசி எல்லை வகுத்துக்கொண்டு வாழ்கிற ஓர் ஏற்பாடு. அதில் காலர் போட்டுக்கொள்வது கிட்டத்தட்ட நிச்சயதார்த்தம் மாதிரி. அவன் கொடுத்துவிட்டான். இவள் இன்னும் போடவில்லை.

“நீதான் எப்பப் பாரு வரலாறு வரலாறுன்னு சாவடிப்பியே. சொல்லு. இது அடிமைக்குப் போடுற பட்டைதானே? இதை நானே ஆசைப்பட்டுப் போட்டுக்கிறேன்னு சொன்னா நான் லூசா?”

அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. அப்புறம் படித்ததுதான் இந்தக் கட்டுரை.

தறையாணி அடித்த கழுத்து

அவள் கேட்டதில் பாதி உண்மை. கழுத்து வளையத்தின் பழைய வரலாறு அடிமையின் வரலாறுதான். ரோம் நகரத்தின் தேசிய அருங்காட்சியகத்தில், டயோக்ளீஷியன் குளியல் மண்டபப் பகுதியில் ஓர் இரும்பு வளையம் இருக்கிறது. கி.பி. 4 அல்லது 5-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதிலிருந்து ஒரு வெண்கல வில்லை தொங்குகிறது. வில்லையில் இருக்கிற லத்தீன் வாசகத்தின் சாரம் இதுதான்: நான் ஓடிவந்துவிட்டேன், என்னைப் பிடி, என் எஜமான் சோனினஸிடம் திருப்பிக் கொடுத்தால் உனக்கு ஒரு தங்கக் காசு கிடைக்கும்.

அந்த வாசகம் ‘நான்’ என்று பேசுவதைக் கவனியுங்கள். கழுத்தில் இருக்கிறவன் பேசவே இல்லை. அவன் வாயை எஜமான் எடுத்துக்கொண்டு அவனுக்கு எதிராகவே பேச வைத்திருக்கிறான். வில்லையில் எஜமான் பெயர் இருக்கிறது, சன்மானம் இருக்கிறது. போட்டிருந்தவன் பெயர் இல்லை. இதுபோல 45 அளவில் ரோமானியக் கழுத்து வளையங்கள் ஆய்வாளர்களுக்குத் தெரியவந்திருக்கின்றன. 4-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேரரசர் கான்ஸ்டன்டைன், தண்டனை பெற்றவர்களின் முகத்தில் முத்திரை குத்துவதைத் தடைசெய்தார். நெற்றியில் எழுத முடியாமல் போனதால்தான் கழுத்தில் மாட்டும் பழக்கம் பெருகியிருக்கலாம் என்பது ஒரு கருத்து. ஒரு கருணைச் சட்டம் இரும்பு வளையமாகத் திரும்பி வந்திருக்கிறது என்று நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது.

எனக்கு முக்கியமாகப் பட்டது அதன் தயாரிப்பு. இரும்பை வளைத்து, இரண்டு முனைகளையும் சேர்த்துத் தறையாணி அடித்துவிடுவார்கள். பூட்டு இல்லை. ஆகவே சாவி என்ற கேள்வியும் இல்லை. கழற்ற வேண்டுமென்றால் கொல்லன் வேண்டும்.

ஹன்னாவின் சங்கிலி

1950-இல் கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரியில் சில பெட்டிகளைத் திறந்தார்கள். ஆர்தர் மன்பி என்ற வழக்கறிஞரும் கவிஞருமான ஓர் அரசு ஊழியர், தான் இறந்து பல ஆண்டுகள் கழித்துத்தான் திறக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு விட்டுப்போனவை. உள்ளே நாட்குறிப்புகள், கடிதங்கள், உழைக்கும் பெண்களின் புகைப்படங்கள். கூடவே ஹன்னா குல்விக் என்ற வீட்டுவேலைக்காரப் பெண் பல வருடங்கள் எழுதிய நாட்குறிப்புகளும்.

ஹன்னா 1833-இல் ஷ்ராப்ஷயரில் பிறந்தார். பிரிட்டன் தன் குடியேற்றங்களில் அடிமைமுறையை ஒழிக்கும் சட்டத்தை நிறைவேற்றிய அதே வருடம். எட்டு வயதிலேயே வேலைக்குப் போனவர். பாத்திரம் தேய்ப்பது, அடுப்புக் கரி அள்ளுவது, வாசல்படி கழுவுவது. 1854-இல் லண்டன் தெருவில் மன்பியைச் சந்தித்தார். அவர் மேல்தட்டு. இவர் சமையலறையின் கடைசிப் படி. இருவருக்கும் இடையில் வளர்ந்த உறவுக்கு அன்று பெயர் கிடையாது. அவரை ‘மாஸ்ஸா’ என்று அழைத்தார் ஹன்னா. அமெரிக்கத் தோட்டங்களில் அடிமைகள் எஜமானைக் கூப்பிட்ட சொல் அது. வலது மணிக்கட்டில் தோல்பட்டை. கழுத்தில், உடைக்கு உள்ளே, பூட்டுப் போட்ட சங்கிலி. சாவி மன்பியிடம்.

இந்த இடத்தில் நிறுத்திப் பார்த்தால் கதை சுலபம். பணக்கார ஆண், ஏழைப் பெண், பூட்டு. ஆனால் நாட்குறிப்புகள் அவ்வளவு சுலபமாக அடங்குவதில்லை. 1873-இல் இருவரும் ரகசியமாகத் திருமணம் செய்துகொண்டார்கள். திருமணத்தில் ஆர்வம் குறைவாக இருந்தவர் ஹன்னாதான். சீமாட்டியாக உட்கார்ந்திருக்கச் சம்மதிக்கவில்லை. லண்டனில் மன்பியின் அறைகளில் மனைவியாக இருந்தபடியே வேலைக்காரியாகவே அறியப்பட்டார். வெளிநாடு போகும்போது மட்டும் சீமாட்டி உடை. அதை வேஷம் என்று தெரிந்தே போட்டார்.

ஏன் இந்தத் தயக்கம் என்று யோசித்தபோது அந்தக் காலத்துச் சட்டத்தைத் தேடிப் படித்தேன். பளிச்சென்று ஒன்று விளங்கியது. 1873-இல் இங்கிலாந்தில் ஒரு மனைவி தன் சம்பாத்தியத்தைத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளும் உரிமை வந்து மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. மற்ற சொத்துகள் மேல் முழு உரிமை கிடைக்க 1882 வரை காத்திருக்க வேண்டும். 1857-இன் மணமுறிவுச் சட்டப்படி, மனைவியின் பிறன்மனைத் தொடர்பு ஒன்றே கணவனுக்குப் போதும். மனைவிக்கோ அது போதாது, கூடவே கொடுமையையோ கைவிடுதலையோ நிரூபிக்க வேண்டும். அதாவது, ஹன்னாவின் கழுத்துச் சங்கிலிக்குச் சாவி என்று ஒன்றாவது இருந்தது. சர்ச்சில் போட்ட கையெழுத்துக்கு நடைமுறையில் அதுவும் இல்லை.

வேலைக்காரிக்கு நோட்டீஸ் கொடுத்துவிட்டுக் கிளம்பும் உரிமை உண்டு. ஹன்னா அதைப் பயன்படுத்தவும் செய்தார். 1877-இல் மன்பியின் வீட்டை விட்டுக் கிளம்பி, பிறகு ஷ்ராப்ஷயரில் தன் மக்களிடையே தனியாக வாழ்ந்தார். மன்பி போய்ப் பார்த்துக்கொண்டே இருந்தார். 1909-இல் ஹன்னா இறந்தார். ஆறு மாதம் கழித்து, 1910 ஜனவரியில் மன்பி. உயிலில்தான் ஊருக்கே தெரிந்தது, இவர் கல்யாணம் ஆனவர் என்று.

இதை ஒரு காதல் காவியமாக்கிவிட எனக்கு மனமில்லை. ஹன்னா அந்த நாட்குறிப்புகளை எழுதியதே மன்பி கேட்டதால், மன்பி படிப்பதற்காக. புகைப்படங்களில் கரிபூசிக்கொண்டு புகைபோக்கி துடைப்பவராகவும் அடிமையாகவும் நின்றார். ‘மாஸ்ஸா’ என்ற சொல்லை அவர்கள் விளையாட்டாகக் கடன் வாங்கிய அதே 1850-களில் அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் அந்தச் சொல்லுக்குப் பின்னால் சாட்டை இருந்தது. தேர்ந்தெடுத்துப் போட்டவளின் சங்கிலியும் தேர்வே இல்லாதவளின் சங்கிலியும் ஒரே இரும்பில் செய்தவை. இந்தச் சங்கடம் கடைசி வரை கூடவே வரும். வரட்டும்.

தோல் உடுப்புக்காரர்கள்

இன்று நாம் பார்க்கிற காலர் பழக்கம் இரண்டு ஓடைகள் கலந்தது. ஒன்று இலக்கியம். 1954-இல் பாரிஸில் போலின் ரேயாஜ் என்ற புனைபெயரில் ‘ஓவின் கதை’ வெளிவந்தது. ஆண்தான் எழுதியிருக்க வேண்டும் என்று பலரும் நினைத்தார்கள். நாற்பது வருடம் கழித்து, 1994-இல், நானேதான் என்று வெளிப்படையாகச் சொன்னார் தொமினிக் ஓரி. பதிப்பகத்தில் வேலை பார்த்த, அமைதியான, வயதான பெண்மணி. காதலர் ஜான் போலானுக்காக எழுதியது. அந்தக் கதையில் தோல் காலரும் வரும், இரும்பு மோதிரமும் வரும். 1975-இல் வந்த திரைப்படத்தில் காட்டிய மோதிரத்தை ஒட்டி, பின்னாளில் ஜெர்மன் பேசும் நாடுகளில் ‘ஓ மோதிரம்’ ஓர் அடையாளமாகவே ஆனது.

இன்னொரு ஓடை அமெரிக்கா. இரண்டாம் உலகப்போர் முடிந்து திரும்பிய ஆண்களில், ஆண்களை விரும்பியவர்கள் சிலர் மோட்டார் சைக்கிள் குழுக்களில் ஒதுங்கினார்கள். லாஸ் ஏஞ்சலஸின் சாட்டிர்ஸ் குழு 1954-இல் தொடங்கியது. தோல் ஜாக்கெட், பூட்ஸ், பிறகு கழுத்தில் சங்கிலியும் பூட்டும். ஒருபால் உறவே குற்றமாக இருந்த காலம். பெயர் சொல்ல முடியாத உறவை உலோகத்தில் சொன்னார்கள். இடுப்பில் சாவிக்கொத்தை இடப்பக்கம் மாட்டினால் ஒரு பொருள், வலப்பக்கம் மாட்டினால் வேறு பொருள். 1971-இல் நியூயார்க்கில் யூலன்ஸ்பீகல் சொசைட்டி, 1974-இல் சான்ஃபிரான்சிஸ்கோவில் சொசைட்டி ஆஃப் ஜேனஸ், 1978-இல் பெண்களை விரும்பும் பெண்களுக்காக சமோயிஸ் என்று அமைப்புகள் வந்தன. 1983-இல் நியூயார்க்கின் ஆண்கள் அமைப்பு ஒன்றின் கொள்கை அறிக்கையில் ‘பாதுகாப்பாக, நிதானத்தோடு, சம்மதத்தோடு’ என்ற மூன்று சொற்கள் சேர்ந்து வந்தன. இன்றைக்கும் இந்த வட்டத்தில் முதல் பாடம் அதுதான்.

இணையத்தில் தேடினால் காலருக்கு மூன்று படிகள் சொல்வார்கள்: பரிசீலனைக் காலர், பயிற்சிக் காலர், நிரந்தரக் காலர். பழைய தோல் உடுப்புக்காரர்களின் ராணுவ ஒழுங்கிலிருந்து வழிவழியாக வந்தது என்பார்கள். அந்தக் காலத்தில் வாழ்ந்து எழுதியவர்கள் பலரும் அப்படி ஒரே சீரான சட்டப்புத்தகம் இருந்ததாகச் சொல்வதில்லை. ஊருக்கு ஒரு வழக்கம், வீட்டுக்கு ஒரு வழக்கம். ஆகவே “மரபுப்படி நீ இப்படித்தான் போடணும்” என்று யாராவது சொன்னால், சொல்கிறவரின் வசதியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள்.

இந்த வட்டத்துக்கு வெளியிலிருந்து வந்த மிகக் கூர்மையான கேள்வி கறுப்பினப் பெண்களுடையது. 1980-களின் தொடக்கத்தில் ஆலிஸ் வாக்கர் கடித வடிவில் ஒரு புனைவு எழுதினார். அடிமைப் பெண்களின் வரலாற்றை மாதக்கணக்கில் பாடமாக நடத்திய ஓர் ஆசிரியை. மாணவிகள் அதை உள்வாங்கத் தொடங்கும் நேரத்தில் தொலைக்காட்சியில் ஒரு ஜோடி வருகிறது. வெள்ளைக்காரப் பெண் எஜமானி. கறுப்பினப் பெண் அடிமை, கழுத்தில் பூட்டிய சங்கிலி. எங்கள் விருப்பத்தோடுதான் என்கிறார்கள். ஆசிரியை உடைந்துபோகிறார். சம்மதம் இருக்கிறதே என்பது அவருக்குப் பதில் இல்லை. என் பாட்டியின் கழுத்தில் இருந்ததை நீங்கள் அலங்காரமாக்கிவிட்டீர்களே என்பதுதான் அவர் வலி. அந்த வலிக்கு என்னிடமும் முழுப் பதில் இல்லை. தனி மனிதரின் சம்மதத்தால் ஒரு பொருளின் வரலாற்றைக் கழுவிவிட முடியாது என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

சட்டமும் சம்மதத்தை எளிதில் ஏற்கவில்லை. பிரிட்டனில் 1993-இல் பிரபுக்கள் சபை, தங்களுக்குள் சம்மதத்தோடு வலி கொடுத்துக்கொண்ட ஆண்களின் தண்டனையை 3-க்கு 2 என்ற கணக்கில் உறுதிசெய்தது. மருத்துவம் கொஞ்சம் இறங்கிவந்தது. 2013-இல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு, வழக்கத்துக்கு மாறான விருப்பம் வேறு, நோய் வேறு என்று பிரித்தது.

“தாலிக்கும் இதுக்கும் என்னடா வித்தியாசம்?”

இதையெல்லாம் தோழியிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தபோது அவள் குறுக்கே கேட்ட கேள்வி இது. தமிழில் இதைப் படிக்கிற யாருக்கும் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. தாலியை அடிமைச் சின்னம் என்று பெரியார் மேடை மேடையாகச் சொன்னார். சுயமரியாதைத் திருமணங்கள் அது இல்லாமல் நடந்தன. 1967-இல் அண்ணா ஆட்சியில் நிறைவேறிய சட்டத்திருத்தம் அந்தத் திருமணங்களைச் செல்லுபடியாக்கியது. அந்தத் திருத்தம் தாலியைத் தடை செய்யவில்லை. மாலை மாற்றலாம், மோதிரம் அணிவிக்கலாம், தாலி கட்டலாம், எதுவானாலும் செல்லும் என்றது. கட்டாயமாக இருந்ததைத் தேர்வாக மாற்றியது, அவ்வளவுதான். ஆனால் அந்த ‘அவ்வளவுதான்’ சின்ன விஷயம் இல்லை.

பொருளைப் பார்த்து அது அடிமைத்தனமா அன்பா என்று சொல்ல முடியாது என்று அப்போதுதான் எனக்குப் பட்டது. கேட்க வேண்டியது வேறு: இதைக் கழற்றினால் என்ன ஆகும்? சோனினஸின் ஆளுக்குக் கழற்றவே வழியில்லை. ஹன்னா வீட்டை விட்டுப் போனார், உறவு பிழைத்தது. கழற்றினால் அடி விழும், வீடு போகும், மானம் போகும் என்றால் அது தங்கத்தில் செய்திருந்தாலும் தறையாணி அடித்ததுதான்.

கழுத்து என்பது குழாய்களின் சந்து

தத்துவம் போதும். உடம்புக்கு வருவோம். கழுத்தில் விரல் அகலத்துக்குள் மூச்சுக்குழாய் இருக்கிறது, குரல்வளை இருக்கிறது. இரண்டு பக்கமும் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிகள். அந்தத் தமனி பிரிகிற இடத்தில் ரத்த அழுத்தத்தை அளக்கும் நுண்ணிய நரம்பு முனைகள். அங்கே அழுத்தினால் இதயத் துடிப்பு சட்டென்று குறைந்து ஆள் மயங்கி விழலாம். 1927-இல் நீஸ் நகரில் நடனக் கலைஞர் இசடோரா டங்கன் இறந்தது, கழுத்தில் சுற்றிய நீளமான சால்வை கார் சக்கரத்தில் சிக்கியதால். நம்மூரில் பைக்கில் போகிற பெண்ணிடம் “துப்பட்டாவை எடுத்துக் கட்டும்மா” என்று கத்துகிற முன்பின் தெரியாத அண்ணன் சொல்வதும் இதே பாடம்தான்.

ஆகவே அனுபவசாலிகள் சொல்வது இது. காலர் போட்ட பிறகு கழுத்துக்கும் அதற்கும் நடுவில் இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும். நின்று மட்டும் பார்த்தால் போதாது, உட்கார்ந்து, குனிந்து, தலையைத் திருப்பி, எச்சில் விழுங்கிப் பார்க்க வேண்டும். விளிம்பு மழுங்கியிருக்க வேண்டும். அகலமான தோல்பட்டை அழுத்தத்தைப் பரப்பும், மெல்லிய கம்பி வெட்டும். தோல் நனைந்து காயும்போது இறுகலாம், வியர்வையில் ஊறினால் தோல் அழற்சி வரும். மலிவான உலோகத்தில் நிக்கல் கசியும், பலருக்கு அது அரிப்பு. நகைகளில் நிக்கல் கசிவுக்கு ஐரோப்பா 1994-லேயே வரம்பு வைத்தது. நல்ல தரமான ஸ்டீல், டைட்டானியம் என்றால் பயம் குறைவு. நாள் முழுக்கப் போடுவதற்கு முன் சில மணி நேரம் போட்டுத் தோலைக் கவனிக்கலாம். எம்ஆர்ஐ ஸ்கேன் அறைக்குள் உலோகக் காலரோடு போகவே கூடாது.

காலரில் கயிறு மாட்டினால் அது சைகைக்கு மட்டும், இழுப்பதற்கு இல்லை. கழுத்தை வைத்து ஆளை இழுக்கவோ, தூக்கவோ, நகராத எதிலும் கட்டிவைக்கவோ கூடாது. தடுக்கி விழுந்தால் முழு எடையும் கழுத்தில் விழும். உயரமான, விறைப்பான காலரோடு தூங்கக் கூடாது. கழுத்தை நெரிப்பது தனிக் கதை. ஆம்புலன்ஸில் வேலை பார்த்த அனுபவமும் இந்த வட்டத்தில் நெடுநாள் பழக்கமும் உள்ள ஜே வைஸ்மன் என்ற எழுத்தாளர், 1990-களிலேயே அதைப் பாதுகாப்பாகச் செய்ய ஒரு வழியும் தனக்குத் தெரியவில்லை என்று எழுதிவிட்டார். குரல் கம்மினால், விழுங்க வலித்தால், தலை லேசானால் காலரை உடனே கழற்ற வேண்டும். கழுத்து நெரிபட்டுவிட்டால், வெளியே தழும்பு இல்லையென்றாலும் மருத்துவரிடம் போக வேண்டும்.

பூட்டு விஷயத்தில் என் தொழில் உதவியது. நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் முக்கியமான ஒரு சர்வருக்கு நுழையும் உரிமை ஒரே ஒருவரிடம் இருந்தது. அவர் விமானத்தில் போய்க்கொண்டிருந்த ஆறு மணி நேரம் சர்வர் படுத்துவிட்டது. நாங்கள் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தோம். சர்வர் செத்தால் மறுபடி எழுப்பலாம். கழுத்து அப்படி இல்லை. ஒரே சாவி, அதுவும் வெளியூர் போகிறவரின் பாக்கெட்டில் என்றால் அது காதல் இல்லை, மோசமான வடிவமைப்பு. இன்னொரு சாவி போட்டிருப்பவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். பூட்டு சிக்கிக்கொண்டால் வெட்டுகிற கருவியும் வீட்டில் வேண்டும்.

கேட்டுப் பார்

கடைசியில் தோழியிடம் நான் சொன்னது ஒன்றே ஒன்று. “போட்டுக்கோ, போட்டுக்காதே, அது உன் இஷ்டம். அவன்கிட்ட இன்னொரு சாவி கேட்டுப் பாரு. என்ன சொல்றான்னு மட்டும் பார்க்காதே, எப்படிச் சொல்றான்னு பாரு.”

“நம்பிக்கை இல்லையான்னு கேட்டா?”

“அப்படிக் கேட்டான்னா அந்தப் பெட்டியை அப்படியே மூடி அவன் கையிலயே குடுத்துடு.”

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அவளுக்கு அந்தக் கேள்வியைக் கேட்கவே பயமாக இருந்தது என்று அப்புறம்தான் சொன்னாள். பிடித்த ஒருவரிடம், எனக்கும் ஒரு வழி வேண்டும் என்று கேட்பது அவ்வளவு சுலபமில்லை. அது பூட்டில்லாத திருமணங்களிலும் அப்படித்தான்.

நாலு நாள் கழித்துப் போன் பண்ணினாள். கேட்டிருக்கிறாள். அவன் முகம் சிவந்துவிட்டதாம். கோபத்தில் இல்லை. இதை நானே யோசித்திருக்க வேண்டும் என்று ரெண்டு தடவை சொன்னானாம். மறுநாளே தெருமுனைச் சாவிக்கடையில் ஒரு நகல் போட்டு, அதைப் போட்டுத் திறந்து பார்த்துவிட்டுத்தான் இவளிடம் கொடுத்திருக்கிறான்.

போன மாதம் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். கழுத்தில் அந்த வளையம் பளபளத்தது. சாம்பாருக்குத் தாளிக்க அஞ்சறைப் பெட்டியைத் திறந்தாள். கடுகுக் கிண்ணத்துக்குப் பக்கத்துக் கிண்ணம் காலி. அதில் ஒரு குட்டிச் சாவி கிடந்தது. நான் பார்த்ததைப் பார்த்தாள்.

“இதுவரைக்கும் ஒரு தடவைகூட எடுக்கலை” என்றாள். “ஆனா தினமும் பார்க்கிறேன்.”